தொடக்கக் கிறித்தவத்தில் பகிர்வு வாழ்வு

தொடக்கக் கிறித்தவத்தில் பகிர்வு வாழ்வு என்பது கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளில் கிறித்தவச் சபையினர் தம் உடைமையையும் உணவையும் பகிர்ந்துகொண்ட அறநெறியைக் குறிக்கும். தனிமனிதரின் இரக்கத்தை மட்டும் நம்பியிராமல், பொது நிதி, பொறுப்பாளர், பொதுப் பந்தி ஆகியவற்றை ஏற்படுத்தியமை இந்நெறியின் சிறப்பியல்பு ஆகும். 19 ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையில் உருவான கிறித்தவ ஊர்களிலும் இதனையொத்த ஏற்பாடுகள் இருந்தன.

எருசலேம் சபை

அப்போஸ்தலர் நடபடிகள் என்னும் நூலின்படி, எருசலேமின் முதற் சபையினர் உடைமைகளைப் பொதுவாக வைத்திருந்தனர். நிலமோ வீடோ விற்றவர்கள் அத்தொகையை அப்போஸ்தலரிடம் ஒப்படைத்தனர். அது தேவைக்கேற்பப் பகிரப்பட்டது. எனினும் விற்பதும் விற்காதிருப்பதும் உரியவரின் விருப்பமாகவே இருந்தது. அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் புறக்கணிக்கப்படுவதாக முறையீடு எழுந்தபோது, அப்பணியைக் கவனிக்க எழுவர் தெரிந்தெடுக்கப்பட்டனர்.

பிற சபைகள்

எருசலேமின் ஏழைகளுக்காகப் பவுல் வெளிநாட்டுச் சபைகளில் நிதி திரட்டினார். கொரிந்து நகரில் சபை கூடி உண்ணும்போது சிலர் முந்தி உண்டு நிறைய, இல்லாதவர் பசித்திருந்ததை அவர் கண்டித்தார். ஞாயிறு காணிக்கை அனாதைகள், கைம்பெண்கள், நோயாளர், சிறைப்பட்டோர், அந்நியர் ஆகியோருக்குச் செலவிடப்பட்டதை 2 ஆம் நூற்றாண்டின் நடுவில் யுஸ்தீன் குறித்துள்ளார். அந்நூற்றாண்டின் இறுதியில் எழுதிய தெர்த்துல்லியன், மாதந்தோறும் அவரவர் இயன்றதை மனமுவந்து அளித்ததையும், அந்நிதியால் ஏழைகள் அடக்கம் செய்யப்பட்டதையும் கூறுகிறார்.

திருநெல்வேலியில்

கிறித்தவத்தை ஏற்றதால் துன்புறுத்தப்பட்டவர்களுக்குப் புகலிடமாக 1799 இல் முதலூர் உருவாக்கப்பட்டது. இதில் டேவிட் சுந்தரானந்தம் முன்னின்றார். 1820 இல் பாளையங்கோட்டைக்கு வந்த செருமானிய மறைப்பணியாளர் ரேனியஸ் (1790–1838), 1830 இல் தர்ம சங்கத்தைத் தொடங்கினார். நிலமும் மனையும் வாங்கி, கிறித்தவர்கள் அச்சமின்றிக் குடியிருக்க உதவுவது அதன் நோக்கம். பாவூர்சத்திரத்திற்குக் கிழக்கே, ஆலங்குளத்தை அடுத்த நல்லூரும் அந்நூற்றாண்டில் மறைப்பணி மையமாக விளங்கியது. சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்துச் சபைக்கு அளிக்கும் 'பிடி அரிசி' வழக்கமும் தமிழ்ச் சபைகளில் பரவியது. பணமில்லாத வீட்டாரும் கொடுப்பவராக இதனால் இயன்றது.

பந்தியும் சாதியும்

கொரிந்துவில் செல்வம் ஏற்படுத்திய பிளவைத் தமிழகத்தில் சாதி ஏற்படுத்தியது. ரேனியஸ் தம் பள்ளியில் மாணவர் அனைவரும் ஒன்றாக உண்ண வேண்டும் என்று வலியுறுத்தியபோது எதிர்ப்பு எழுந்தது. சபைகளில் சாதி வேறுபாடு கைவிடப்பட வேண்டும் என்று கல்கத்தா ஆயர் டானியல் வில்சன் 1833 இல் சுற்றுமடல் விடுத்தார். தஞ்சாவூர் முதலிய இடங்களில் பலர் அதனை ஏற்க மறுத்தனர். நிதியைப் பகிர்வதைக் காட்டிலும் பந்தியைப் பகிர்வது கடினமாக இருந்தது என்பதை இந்நிகழ்வுகள் காட்டுகின்றன.