7777 ஆம் இலக்கத்து உரிமை



அண்மையில் தெல்லிப்பழைச் சந்தியிலே பேருந்துக்காகக் காத்து நின்றபோது, மாணவர் இருவர் வானொலியைக் கண்டுபிடித்தவர் யார் என்று வாதிடக் கேட்டேன். மார்க்கோனி என்றான் ஒருவன். அமெரிக்க உயர்நீதிமன்றம் அவரிடமிருந்து அந்தப் பெருமையைப் பறித்து ரெஸ்லாவுக்கு வழங்கிவிட்டது என்றான் மற்றவன். பலரும் நம்புகின்ற செய்திதான். ஆயினும் நீதிமன்றம் சொன்னது வேறு.

சித்திரை வருடப்பிறப்புக்கு நம் வளவுகளில் ஊஞ்சல் கட்டுவதுண்டு. ஊஞ்சலின் போக்கறிந்து உந்தினால் சிறு பிள்ளையின் கையும் அதனை உயர எழுப்பும்; காலந்தவறி உந்தினால் பெரியவரின் வலுவும் வீணே. மின்னலைகளுக்கும் இஃது ஒக்கும். அனுப்பும் கருவியில் இரண்டு, வாங்கும் கருவியில் இரண்டு, ஆக நான்கு மின்சுற்றுக்களையும் ஒரே மீடிறனுக்கு இசைவித்தால், செய்தி நெடுந்தூரம் செல்லும். அயல் நிலையங்களின் செய்தியோடு கலந்து குழம்பவும் மாட்டாது. இந்த இசைவிப்புக்கே மார்க்கோனி 1900 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் 7777 ஆம் இலக்க ஆக்கவுரிமையைப் பெற்றார். 1911 இல் அங்கு எழுந்த வழக்கிலே நீதிபதி பார்க்கர் அதனைச் செல்லுபடியாகுமெனத் தீர்த்தார்.

அமெரிக்காவில் நிகழ்ந்ததோ வேறு. தன் உரிமைக்குட்பட்ட கருவிகளை அரசாங்கம் அனுமதியின்றிப் பயன்படுத்தியதென்று மார்க்கோனி நிறுவனம் 1916 இல் நட்டஈடு கேட்டு வழக்கிட்டது. உரிமையே செல்லாது என்பது அரசாங்கத்தின் எதிர்வாதம். வழக்கு இருபத்தேழு ஆண்டுகள் இழுபட்டது. காணி வழக்குகளை அறிந்த யாழ்ப்பாணத்தவருக்கு இதிலே வியப்பேதும் இராது!

1943 யூன் 21 இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இசைவிப்பு உரிமையின் முக்கிய கூறுகள் செல்லாவாயின. மார்க்கோனி அமெரிக்காவில் விண்ணப்பித்ததற்கு ஒன்பது மாதங்கள் முன்னரே, யோன் ஸ்ரோன் என்பார் நான்கு சுற்றுக்களையும் இசைவிக்கும் முறையை விளக்கி விண்ணப்பித்திருந்தார். லொட்ஜும் ரெஸ்லாவும் அவருக்கும் முன்னே வழிகாட்டியிருந்தனர். தீர்ப்பை எழுதிய பிரதம நீதியரசரின் பெயரும் ஸ்ரோன் என்பது தற்செயலே. கம்பியின்றிச் செய்தி அனுப்புவதில் முதலில் வெற்றி கண்டவர் மார்க்கோனி என்ற புகழ் இவ்வழக்கிலே விசாரிக்கப்படவில்லை என்று அத்தீர்ப்பே வெளிப்படையாகக் கூறுகின்றது. ஆகவே சந்தியிலே நின்ற இருவருள் எவரும் முழுதும் வென்றவரல்லர்.

இவ்வழக்கிலே அகப்படாத ஒருவரும் உளர். கல்கத்தாவிலே 1895 அளவில் மின்னலை கொண்டு தொலைவிலிருந்த மணியை ஒலிப்பித்த ஜகதீஸ் சந்திர போஸ், தம் ஆராய்ச்சியைப் பணமாக்க விரும்பாதவர். நண்பர்களின் வற்புறுத்தலால் அலையுணரும் கருவியொன்றுக்கு 1904 இல் அமெரிக்க ஆக்கவுரிமை பெற்றார். எனினும் அதனால் ஊதியம் தேடவில்லை. வழக்கிடுவோர்க்கே நீதிமன்றப் பதிவேட்டில் இடமுண்டு; அவர் வழக்கிடவில்லை.

வழக்கிட்டோர் நிலை என்ன? மார்க்கோனி 1937 இலும் லொட்ஜ் 1940 இலும் மறைந்தனர். ரெஸ்லா 1943 சனவரியில் நியூயோர்க் விடுதி அறையொன்றிலே தனிமையில் உயிர் நீத்தார். எவருடைய விண்ணப்பத்தால் வழக்கு முடிந்ததோ, அந்த யோன் ஸ்ரோன் இறந்தது அவ்வாண்டு மே மாதத்திலே. தீர்ப்புக்கு ஒரு மாதம் முன்பு.