வாட்டர்லூ நகரத்து மல்லாசிரியர்

பாப் சிட்டன்ஸ் என்னும் பெயரைச் சொன்னால், அமெரிக்க மல்யுத்தத்தில் ஓரளவு பரிச்சயம் உள்ளவர்களும், "டான் கேபிளுக்கு வாத்தியாராக இருந்தாரே, அவரா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் எதிராளி எவருக்கும் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடாமல் தங்கப் பதக்கம் வென்று, பின்னர் ஐயோவா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராக அமர்ந்து 15 தேசியப் பட்டங்களைத் தேடிக் கொடுத்த மகாமல்லர் ஒருவர் சிஷ்யராக வாய்த்துவிட்டால், குருவின் கீர்த்தி சிஷ்யருடைய கீர்த்திக்கு அடிக்குறிப்பாகிவிடுவது உலக வழக்கமே. சிட்டன்ஸ் விஷயத்தில் அந்த வழக்கம் நியாயமன்று என்பது என் அபிப்பிராயம்.

ஐயோவா மாநிலத்தில் சீடர் நதிக்கரையில் அமைந்த வாட்டர்லூ, ஜான் டியர் டிராக்டர் தொழிற்சாலையையும் ராத் இறைச்சிக் கம்பெனியையும் நம்பி வாழ்ந்த தொழிலாளர் நகரம். அடுத்த ஊராகிய சீடர் ஃபால்ஸில் இருந்த ஆசிரியர் கல்லூரியில் பயின்ற சிட்டன்ஸ், 1950களின் தொடக்கத்திலிருந்து 1977 வரை அந்நகரத்து மேற்கு உயர்நிலைப்பள்ளியில் மல்யுத்தம் பயிற்றினார். அவருடைய அணிகள் 327 போட்டிகளில் வென்று 26இல் தோற்றன, மூன்று சமனாயின. ஒருமுறை தொடர்ச்சியாக 88 போட்டிகளில் தோல்வியே இல்லை. மாநிலப் பட்டமோ பதினொரு முறை கிட்டியது.

இந்த எண்களின் பெருமை விளங்க வேண்டுமானால், அமெரிக்கப் பள்ளிகளில் நடக்கும் இருதரப்புப் போட்டியின் கணக்கைச் சற்றே அறிந்திருத்தல் அவசியம். மிக இலேசான சிறுவன் முதல் பெரும்பாரமுடையவன் வரை எடைக்கு ஒருவராக மெத்தைமேல் இறங்கும் அப்போட்டியில், இரு தோள்களையும் தரையில் பதித்துத் தோற்கடிப்பவன் தன் அணிக்கு இன்றைய விதிப்படி ஆறு புள்ளிகளும், சிறிய வித்தியாசத்தில் வெல்பவன் மூன்று புள்ளிகளும் ஈட்டுகிறான். அந்நாளில் எண்கள் சிறிது வேறாயினும் தத்துவம் இதுவேதான். ஆகவே, தன்னினும் வல்லவனிடம் அகப்பட்டு, முதுகு தரையை நோக்கிச் சாய்ந்துகொண்டிருக்கும் வேளையிலும், தலையை ஊன்றிக் கழுத்தை வில்லாக வளைத்து, ஒரு தோளையேனும் மெத்தையினின்று விரலளவு தூக்கிப் பிடித்துக்கொண்டு, மணி அடிக்கும்வரை மூச்சுத் திணறக் கிடக்கும் சிறுவன், தோற்றவனாகவே எழுந்து வந்தாலும் தன் அணிக்குச் சில புள்ளிகளை மிச்சப்படுத்தியவன் ஆகிறான். கைதட்டலெல்லாம் வென்றவனுக்கே போகும். ஆயினும் அன்றைய வெற்றியை நிர்ணயித்தது பல வேளைகளில் அந்தக் கழுத்துத்தான். ஒரு மகாவீரனை வைத்துக்கொண்டு ஒரு பதக்கம் வாங்கிவிடலாம். 88 போட்டிகளைத் தொடர்ந்து வெல்வதற்கு, நன்றாகத் தோற்கத் தெரிந்த பிள்ளைகளும் வேண்டும். இதைக் கற்பிப்பதைவிடக் கடினமான பாடம் பள்ளிக்கூடத்தில் வேறு உண்டோ, நான் அறியேன்.

சிட்டன்ஸ் பயிற்சியாளராக இருந்ததோடு, தேசியக் கல்லூரிப் போட்டிகளில் பல்லாண்டுக் காலம் நடுவராகவும் பணியாற்றிப் பிரசித்தி பெற்றவர். பயிற்சியாளருக்கும் நடுவருக்கும் பொதுவாக ஏழாம் பொருத்தம் என்பது எந்த ஆட்டத்தின் ரசிகரும் அறிந்ததே. அந்த இரண்டு பதவிகளையும் ஒருவரே வகித்து, இரண்டிலும் மரியாதை இழக்காமல் இருந்தார் என்பதற்கு அவருடைய நடுநிலையைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

கேபிளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவ்வூரில் ஒன்பதாம் வகுப்பு வரை கீழ்நிலைப் பள்ளியிலேயே படிக்கும் ஏற்பாடு இருந்தபடியால், அவர் சிட்டன்ஸின் கைக்கு வந்தது மூன்றே ஆண்டுகளுக்கு. அந்த மூன்றாண்டில் 64 போட்டிகளில் ஒன்றிலும் தோற்காமல், 95, 103, 112 பவுண்டு எடைகளில் மூன்று மாநிலப் பட்டங்கள் பெற்றார். அதற்கு நடுவே 1964இல் அவருடைய தமக்கை சொந்த வீட்டிலேயே கொலையுண்ட கொடுந்துக்கத்தையும் அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளை சுமக்க நேர்ந்தது. கேபிளின் அசுர உழைப்பு அவருக்குச் சொந்தம். அதைச் சிட்டன்ஸ் உண்டாக்கினார் என்று சொல்வது மிகையாகும். அந்த உழைப்பைத் தடுக்காமலும், அதைக் காட்டி ஏனைய பிள்ளைகளைச் சிறுமைப்படுத்தாமலும், ஒரே மெத்தையில் எல்லோரையும் வளர்த்தார் என்பதே அவருக்குரிய புகழ்.

வாட்டர்லூவில் இன்று இருக்கும் மல்யுத்த அருங்காட்சியகம் கேபிளின் பெயரைத் தாங்கி நிற்கிறது, அது தக்கதே. ஆனால் சிட்டன்ஸின் சரித்திரத்தை எழுதுவோர் அந்த மூன்று ஆண்டுகளோடு நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கால் நூற்றாண்டில் எஞ்சிய ஆண்டுகளின் வெற்றிகளையெல்லாம் அவர் கேபிள் இல்லாமலே பெற்றார்.