இண்டெக்ஸ் சத்தமில்லாம பொய் சொன்ன கதை

டேபிள்ல ஒரு வரி இருக்கு. ஆனா தேடினா "இல்லை"ன்னு பதில் வருது. எர்ரர் கிடையாது, லாக்ல ஒரு முனகல்கூட கிடையாது. போஸ்ட்கிரெஸ் 14-இல் இது நிஜமாவே நடந்தது.

கொஞ்சம் பின்னாடி போவோம். சாதாரணமா இண்டெக்ஸ் கட்டும்போது, அந்த டேபிள்ல யாரும் எழுத முடியாது. பெரிய டேபிள்னா மணிக்கணக்கில் காத்திருக்கணும். 2006-இல் வந்த 8.2-இல் இதுக்கு ஒரு வழி கிடைத்தது: 'கன்கரன்ட்லி'. டேபிளைப் பூட்டாமல், இரண்டு முறை படித்து இண்டெக்ஸைக் கட்டும்.

ஆனா இதுக்கும் ஒரு விலை உண்டு. அந்த வேலை முடியும்வரை, பழைய வரிகளைத் துடைக்கும் வேக்யூம் கைகட்டி நிற்கணும். குப்பை சேரும். அதனால 2021 செப்டம்பரில் வந்த 14-இல் ஒரு மாற்றம் செய்தாங்க: கன்கரன்ட்லி ஓடினாலும் வேக்யூம் அதைக் கண்டுக்காமல் துடைக்கலாம். நல்ல எண்ணம்தான். சிக்கல் என்னன்னா, இண்டெக்ஸ் கட்டுறவர் இன்னும் பார்க்க வேண்டிய பழைய பிரதியும் சேர்ந்து துடைபட்டது. சில வரிகளுக்கு இண்டெக்ஸில் பதிவே விழலை.

தேடல் தப்பாவது மட்டும் இல்லை. யூனிக் இண்டெக்ஸில் ஒரு பதிவு விடுபட்டால், அதே மதிப்பு இரண்டாவது முறையும் உள்ளே வந்துடும். கணக்கு எண்ணோ டிக்கெட் எண்ணோ இரட்டிப்பானா என்ன ஆகும்னு யோசிங்க.

போஸ்ட்கிரெஸ் வழக்கமா மூணு மாசத்துக்கு ஒரு முறைதான் திருத்த வெளியீடு தரும். இதுக்கு மட்டும் ஆகஸ்ட் வரை காத்திருக்காமல், 2022 ஜூன் 16 அன்றே 14.4-ஐ விட்டாங்க. அந்த மாற்றத்தையே திரும்ப எடுத்துட்டாங்க.

எனக்கு முக்கியமாப் படுறது இதுதான்: அப்கிரேட் செய்தால் இனி கட்டும் இண்டெக்ஸ் சரியா இருக்கும், ஏற்கனவே கெட்டுப்போனது தானாச் சரியாகாது. 14.0 முதல் 14.3 வரை கன்கரன்ட்லியா கட்டினது எல்லாத்தையும் திரும்பக் கட்டணும். பி-ட்ரீ இண்டெக்ஸ்னா, பிஜி_ஆம்செக் கருவியில் 'ஹீப்ஆல்இண்டெக்ஸ்ட்' ஆப்ஷனைப் போட்டுப் பாருங்க. டேபிளில் இருக்கிற ஒவ்வொரு வரியும் இண்டெக்ஸில் இருக்கான்னு அது சரிபார்க்கும்.

அதனால 'இண்டெக்ஸ் இருக்கா?'ன்னு மட்டும் கேட்காதீங்க. 'எந்த வெர்ஷன்ல கட்டினது?'ன்னும் கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.