தொடர்பு வரும்வரை காத்திருந்த கடிதங்கள்

மெயில் சேர்வர் என்றதும் எங்கட தலைமுறைக்கு ஞாபகம் வருவது இரவு பகல் பாராமல் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு கணினி. லைன் போனால் எல்லாம் போச்சு என்று பழகிவிட்டோம். ஆனால் மின்னஞ்சல் நாடு நாடாகப் பரவிய 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் அதைச் சுமந்த கணினிகள் பல, நாளின் பெரும்பகுதி யாரோடும் தொடர்பில் இருக்கவில்லை. ஒரு ரெலிபோன் லைன், ஒரு மொடெம், நாளுக்குச் சில கோல்கள். அவ்வளவுதான். அந்த ஏற்பாடு எப்படி வேலை செய்தது, ஒரு நெருக்கடியில் எப்படித் தாக்குப்பிடித்தது, யாரை அது எட்டவேயில்லை என்ற மூன்றையும் இங்கே பார்ப்போம்.

1970களின் இரண்டாம் பாதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் மைக் லெஸ்க் எழுதிய மென்பொருள் ஒன்று இருந்தது. பெயர் யூயூசிபி. 1979இல் யுனிக்ஸின் ஏழாம் பதிப்போடு அது பல்கலைக்கழகங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் வேலை எளிமையானது. நீங்கள் எழுதிய கடிதம் உடனே போகாது. உங்கள் கணினியின் வட்டிலேயே வரிசையில் கிடக்கும். குறித்த நேரம் வந்ததும், அநேகமாகக் கட்டணம் குறைந்த இரவு நேரத்தில், மொடெம் அயல் கணினிக்குக் கோல் எடுக்கும். வைத்திருக்கிற கடிதங்களைக் கொடுக்கும், தனக்கென்று அங்கே கிடப்பதை வாங்கும், போனை வைக்கும். வாங்கிய கணினி தன்னுடைய முறை வரும்போது அடுத்த கணினியை அழைக்கும்.

முகவரி எழுதுவதே ஒரு கலையாக இருந்தது. கடிதம் எந்தெந்தக் கணினிகளைத் தாண்டிப் போகவேண்டும் என்று, ஒவ்வொரு பெயருக்கும் நடுவில் ஆச்சரியக்குறி போட்டு, எழுதுகிறவரே வரிசையாக எழுதவேண்டும். ஊரில் வழி கேட்டால் 'அந்தச் சந்தியில திரும்பி, கோயிலடி தாண்டி, பிறகு கேளுங்கோ' என்று சொல்வார்கள்தானே, அப்படி.

இங்கே கவனிக்கவேண்டிய விசயம் ஒன்று இருக்கிறது. முழு வழியும் ஒரே நேரத்தில் திறந்திருக்கவேண்டிய அவசியமே இல்லை. பக்கத்தில் இருக்கிற ஒரு கணினி எப்போதாவது கிடைத்தால் போதும். லைன் அறுந்தால் கடிதம் தொலையாது. பிறகு மறுபடி கோல் எடுக்கப்படும். தொடர்பு அறுவது இந்த முறைக்கு விபத்து அல்ல, வழக்கம்.

இந்த வழக்கத்தின் பெறுமதி 1991இல் மொஸ்கோவில் தெரிந்தது. அதற்கு ஒரு வருடம் முன்னர் குர்ச்சாத்தோவ் அணுசக்தி நிறுவனத்தையும் டெமோஸ் என்ற கூட்டுறவு அமைப்பையும் சேர்ந்த நிரலாளர்கள் ரெல்கொம் என்ற வலையமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். சாதாரண ரெலிபோன் லைன்கள், மொடெம்கள், யூயூசிபி வழிக் கடிதங்கள். 1990 ஓகஸ்ட் முடிவில் பின்லாந்தின் ஹெல்சிங்கிக்குக் கோல் எடுத்து வெளியுலகத்தோடும் இணைந்துகொண்டார்கள். ஒரு வருடத்துக்குள் சுமார் 70 நகரங்களுக்கு ரெல்கொம் போய்விட்டது.

1991 ஓகஸ்ட் 19ஆம் திகதி கொர்பச்சேவைக் கிரிமியாவில் வீட்டுக்காவலில் வைத்துவிட்டு ஒரு குழு ஆட்சியைப் பிடிக்க முயன்றது. மொஸ்கோ வீதிகளில் தாங்கிகள். ஒன்பது பத்திரிகைகளைத் தவிர மற்றவை நிறுத்தப்பட்டன. ரீவியில் பலே நடனம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் மொடெம்கள் கோல் எடுத்துக்கொண்டேயிருந்தன. யெல்ட்சினின் அறிக்கைகள் நகரம் விட்டு நகரம் போயின. உங்கள் யன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது, படைகள் நிற்கிறதா என்று பார்த்து எழுதுங்கள் என்று ரெல்கொம்காரர் பாவனையாளர்களைக் கேட்டார்கள். வெளிநாடுகளிலிருந்தும் செய்தி உள்ளே வந்தது. கலிபோர்னியாவில் இருந்த பேராசிரியர் லாரி பிரஸ்ஸுக்கு மொஸ்கோவிலிருந்து போன கடிதம் ஒன்று, இவர்கள் எங்களை ஊடகமாக நினைக்கவில்லையோ, அல்லது மறந்தேபோனார்களோ என்று அதிசயப்பட்டது. வெளிநாட்டுக்காரர் ஆர்வத்தில் கேள்விகளை அனுப்பிக் குவிக்க, இருக்கிற ஒரே ஒடுங்கிய வழியை அடைக்கவேண்டாம் என்று கெஞ்சவேண்டியும் வந்தது. மூன்று நாளில் சதி தோற்றது. மின்னஞ்சல்தான் அதைத் தோற்கடித்தது என்று சொல்வது மிகை; வீதியில் நின்ற மனிதர்கள்தான் தோற்கடித்தார்கள். ஆனால் அவர்கள் தனித்துப்போகாமல் இருந்ததில் இந்தக் கடிதங்களுக்கும் பங்கு இருக்கிறது.

இதே 1990இல்தான் இலங்கையிலும் மின்னஞ்சல் தொடங்குகிறது. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அபய இந்துருவ முன்னின்று உருவாக்கிய லேர்ன் மெயில், அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்துக்கு ரெலிபோன் வழியாகக் கோல் எடுத்துக் கடிதங்களைப் பரிமாறியது. வர்த்தக ரீதியான இணையச் சேவை இங்கே வந்தது 1995இல். அதுவரை இலங்கையின் கல்விச் சமூகம் உலகத்தோடு பேசியது இந்தக் காத்திருக்கிற கடிதங்களால்தான்.

ஆனால் இலங்கை என்று சொல்லும்போது எந்த இலங்கை? அதே 1990 யூனில் போர் மறுபடி தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, ரெலிபோனும் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான்களில் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட கதை எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். யூயூசிபி எவ்வளவுதான் பொறுமையான மென்பொருளாக இருந்தாலும், அதற்கும் இடைக்கிடையாவது ஒரு டயல் ரோன் வேணும். விட்டுவிட்டுத் தொடர்பு கிடைப்பது வேறு, தொடர்பே மறுக்கப்படுவது வேறு. முதலாவதை நல்ல வடிவமைப்பால் சமாளிக்கலாம். இரண்டாவது அரசியல்.

இப்போதைய நிலைமையைப் பாருங்கோ. 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போதும், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2022 ஏப்ரலில் மக்கள் வீதிக்கு இறங்கியபோதும் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிறுவனங்களின் சேர்வர்களுக்குப் போகிற வழியை மறித்தால் போதுமாக இருந்தது. 1991இன் மொஸ்கோவில் அப்படி மறிக்க ஒரு வாசல் இருக்கவில்லை. நூற்றுக்கணக்கான கணினிகள் தங்களுக்குள் போன் எடுத்துப் பேசிக்கொண்டிருந்தன.

மின்னஞ்சலின் விதிமுறையில் அந்தப் பழைய பொறுமை இன்னும் இருக்கிறது. பெறுகிற சேர்வர் பதில் சொல்லாவிட்டால், அனுப்புகிற சேர்வர் கடிதத்தை வரிசையில் வைத்து நான்கைந்து நாட்களாவது திரும்பத் திரும்ப முயலவேண்டும். 2020, 21இல் ஒன்லைன் வகுப்பு என்று சொல்லி நாங்கள் தெரிந்தெடுத்ததோ, ஒரு நிமிடம் சிக்னல் போனால் பிள்ளையை வெளியே தள்ளிவிடுகிற நேரலையை. மலையேறியும் மரமேறியும் சிக்னல் தேடிய பிள்ளைகளுக்கு, இரவில் எப்போதாவது லைன் கிடைக்கும்போது வந்து இறங்குகிற பாடமே போதுமாக இருந்திருக்கும். அதற்கான தொழில்நுட்பம் 1979இலேயே இருந்தது.