பாடம் இலவசம், பரீட்சைக்குத்தான் காசு

கணினி அறிவியல் கற்க இன்று பொறியியல் கல்லூரி வாசலை மிதிக்க வேண்டியதில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் இது எப்படி நடந்தது என்று தேடிப் போனால், கணினிக் கதையை விட வியாபாரக் கதையாகத்தான் எனக்குப் படுகிறது. எதை விற்பது, எதைச் சும்மா கொடுப்பது என்று பல்கலைக்கழகங்கள் இருபது வருடமாகத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட கதை. பி.காம். மாணவன் இதை எழுதுவதில் தப்பில்லை என்று நினைக்கிறேன்.

வீட்டிலிருந்து படிப்பது ஒன்றும் புதிதல்ல. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-லேயே தபால் வழிப் படிப்பைத் தொடங்கிவிட்டது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971-ல் முதல் மாணவர்களைச் சேர்த்து, பிபிசி தொலைக்காட்சி மூலமாகவும் பாடம் நடத்தியது. இவற்றில் பாடம், பரீட்சை, பட்டம் மூன்றும் ஒரே பொட்டலம். பணம் கட்டினால் மூன்றும் சேர்ந்தே வரும். இணையம் வந்த பிறகுதான் பொட்டலம் பிரிந்தது.

டாட்காம் காலத்தில் பெரிய பல்கலைக்கழகங்கள் பாடத்தை இணையத்தில் விற்றுக் காசு பார்க்கலாம் என்று நம்பின. கொலம்பியா பல்கலைக்கழகம் 2000-ல் ஃபாத்தம் என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. கோடிக்கணக்கான டாலரைக் கொட்டியும் 2003-ல் கடையை மூட வேண்டியதாயிற்று. ஆக்ஸ்ஃபோர்டு, யேல், ஸ்டான்ஃபோர்டு சேர்ந்து நடத்திய ஆல்லேர்ன் 2006-ல் மூடப்பட்டது.

எம்.ஐ.டி.யும் இதே சமயத்தில் ஒரு குழு போட்டது. இணையக் கல்வியில் எப்படிக் கால் பதிக்கலாம் என்று பார்ப்பதே அந்தக் குழுவின் வேலை. கணக்குப் போட்டுப் பார்த்ததில் லாபம் தேறும் என்று தோன்றவில்லை. அப்படியானால் சும்மாவே கொடுத்துவிடலாமே என்றார்கள்! 2001 ஏப்ரலில் அதன் தலைவர் சார்லஸ் வெஸ்ட் 'ஓப்பன்கோர்ஸ்வேர்' திட்டத்தை அறிவித்தார். ஹியூலெட், மெலன் என்ற இரண்டு அறக்கட்டளைகள் பணம் கொடுத்தன. 2002-ல் 50 பாடங்கள், 2003-ல் 500 பாடங்கள். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: சான்றிதழ் கிடையாது, ஆசிரியரிடம் கேள்வி கேட்கவும் முடியாது. கடையைத் திறந்து வைத்தார்கள், பில் மட்டும் போடவில்லை.

நம் ஊரில் 2003-ல் என்.பி.டி.இ.எல். தொடங்கியது. ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் மத்திய அரசின் பணத்தில் சேர்ந்து நடத்திய திட்டம் இது. ஒருங்கிணைப்பில் சென்னை ஐ.ஐ.டி.க்குப் பெரிய பங்கு. பொறியியல் கல்லூரிகள் பெருகிய அளவுக்கு நல்ல ஆசிரியர்கள் பெருகவில்லை. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் இந்த வீடியோக்கள். பின்னால் யூடியூபிலும் ஏற்றப்பட்டதும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றாயிற்று.

பார்க்கலாம், சரி. படித்து முடித்தார்களா?

2011 இறுதியில் ஸ்டான்ஃபோர்டு இதைச் சோதித்துப் பார்த்தது. செபாஸ்டியன் த்ருன், பீட்டர் நார்விக் இருவரும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் இலவசமாக நடத்தினார்கள். சேர்ந்தவர்கள் சுமார் 1,60,000 பேர். முடித்தவர்கள் 20,000 பேருக்குக் கொஞ்சம் அதிகம். இது தோல்வி என்று சிலர் சொல்வார்கள். ஒரு வகுப்பில் 20,000 பேர் தேறுவது தோல்வியா என்று நான் கேட்பேன். இதற்கும் ஓப்பன்கோர்ஸ்வேருக்கும் வீடியோ தரத்தில் அல்ல வித்தியாசம். இங்கே வாரா வாரம் வீட்டுப்பாடம் இருந்தது, கெடு இருந்தது, தேர்வு இருந்தது. அடுத்த வருடமே யுடாசிட்டி, கோர்செரா, எட்எக்ஸ் என்று வரிசையாகக் கிளம்பின.

இப்போதுதான் வியாபாரம் பிடிபட்டது. 2013-ல் கோர்செரா, தேர்வு எழுதுவது நீங்கள்தான் என்று வெப்கேம் படத்தையும் நீங்கள் தட்டச்சு செய்யும் விதத்தையும் வைத்துச் சரிபார்த்து, சான்றிதழுக்குக் கட்டணம் வாங்க ஆரம்பித்தது. பாடம் இலவசம், 'இதைப் படித்தது இவர்தான்' என்ற அத்தாட்சிக்குத்தான் விலை! என்.பி.டி.இ.எல். 2014-ல் சான்றிதழ் கொண்டுவந்தபோது இன்னும் நேரான வழியில் போனது. பாடம், வாராந்திர வீட்டுப்பாடம் எல்லாம் இலவசம். தேர்வை மட்டும் கண்காணிப்பாளர் இருக்கும் மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். அதற்கு ஆயிரம் ரூபாய் அளவில் கட்டணம். 2016-ல் யு.ஜி.சி. இப்படிப்பட்ட பாடங்களின் மதிப்பெண்ணைக் கல்லூரியிலேயே கணக்கில் சேர்க்க வழி செய்தது. 'தபால்ல படிச்சவன்தானே' என்ற இளக்காரத்துக்கு மருந்து அந்தத் தேர்வு மையத்தில்தான் இருந்தது.

கடைசிக் கட்டம் 2020 ஜூனில் வந்தது. சென்னை ஐ.ஐ.டி. நிரலாக்கம், தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப் படிப்பை அறிவித்தது. ஜே.இ.இ. வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவானாலும் சரி, பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும். அவர்களே நான்கு வாரம் பாடம் நடத்துவார்கள், பிறகு தகுதித் தேர்வு. தேறியவர்களுக்கெல்லாம் இடம். இந்த மாற்றத்தை யாரும் போதுமான அளவு பேசவில்லை என்பது என் எண்ணம். மற்ற நுழைவுத் தேர்வுகள் 'உன்னிடம் ஏற்கனவே என்ன இருக்கிறது' என்று கேட்கின்றன. கோச்சிங்குக்குக் காசு இருந்ததா என்பதும் அதில் அடக்கம். இது 'சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொள்வாயா' என்று கேட்கிறது. காமர்ஸ் எடுத்தவர்களையும், அரசுப் பள்ளியில் படித்தவர்களையும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

குறையும் உண்டு. முழுப் பட்டத்துக்குக் கட்டணம் லட்சங்களில் வரும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சலுகை இருந்தாலும், வேலை பார்த்துக்கொண்டு வாராவாரம் கெடுவைப் பிடிப்பது எளிதல்ல.

2001-ல் எம்.ஐ.டி. பாடத்தைச் சும்மா கொடுத்தது தாராள மனசு மட்டுமல்ல, பாடக்குறிப்புக்குத் தனியாகச் சந்தை விலை இல்லை என்று புரிந்ததால்தான். மற்றவர்களுக்கு அது புரியப் பத்து வருடம் ஆயிற்று. நமக்கு வேண்டியது இன்னொரு வீடியோ அல்ல. இந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்று ஒருவர் எதிர்பார்ப்பதும், அதைத் திருத்திக் கொடுப்பதும்தான். எதில் சேரலாம் என்று யோசிப்பவர்கள் வீடியோவின் நீளத்தைப் பார்க்காதீர்கள். வீட்டுப்பாடம் எப்போது என்று பாருங்கள்.