கிண்ணம் போய் டப்பா வந்தது

1957 மே 20 அன்று பிரதமர் நேரு நெய்வேலியில் பொதுத்துறை நிலக்கரிச் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். அம்பாசடர் கார் வந்ததும் ஏறக்குறைய அதே காலம்தான். பொதுத்துறை அதிகாரி என்றாலே அந்தக் கார் என்று ஆனது.

அதன் பழைய எஞ்சினில் ஆயில் ஃபில்டர் ஓர் உலோகக் கிண்ணத்துக்குள் இருந்தது. நடுப்போல்ட்டைக் கழற்றி, கசடைத் துடைத்து, உள்ளே இருக்கும் எலிமென்ட்டை மட்டும் மாற்றுவார்கள். கூடவே சீல் வளையத்தையும் மாற்றாவிட்டால் ஆயில் ஒழுகும். மெக்கானிக்கின் பொறுமையை அளக்க இதைவிட நல்ல கருவி இல்லை!

கார் ஆயிலை வடிகட்டும் ‘பியூரோலேட்டர்’ என்ற ஃபில்டர் 1923-இல் அமெரிக்காவில் பிறந்தது. இங்கே 1983-இல் மாருதி 800 வந்த பிறகு, முழுசாகத் திருகி மாட்டும் டப்பா ஃபில்டர் பரவியது.

வேலை சுலபமாயிற்று, சரியான ஃபில்டரைத் தேர்ந்தெடுப்பது கடினமாயிற்று. மரையும் வளையமும் பொருந்தினால் மட்டும் போதாது. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் திறக்கும் பைபாஸ் வால்வின் அழுத்தமும் அந்த எஞ்சினுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.