நுண்கணிதத்தை எதிர்த்தவர் பெயரில் ஒரு நுண்கணிதத் தேற்றம்

ப்ளஸ் டூ கணக்குப் புத்தகத்தில் வரும் 'ரோல் தேற்றம்' பரீட்சை முடிந்ததும் பலருக்கு மறந்துவிடும். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு சுவையான வரலாறு இருக்கிறது.

மிஷேல் ரோல் 1652-ல் பிரான்சில் ஒரு கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். பெரிய படிப்பு எதுவும் இல்லை. பாரீசில் எழுத்தராகவும் கணக்குப் போட்டுக் கொடுப்பவராகவும் பிழைத்துக்கொண்டே அல்ஜீப்ராவைத் தானாகக் கற்றார். 1691-ல் அவர் நிறுவியதை இன்றைய பாஷையில் இப்படிச் சொல்லலாம்: ஒரு கோவை இரண்டு இடங்களில் பூஜ்யமானால், நடுவே எங்காவது அதன் வகைக்கெழு பூஜ்யமாகும். வேடிக்கை என்னவென்றால், அப்போது புதிதாக வந்திருந்த நுண்கணிதத்தை ரோல் நம்பவே இல்லை! 1700 வாக்கில் பாரீஸ் அறிவியல் அகாடமியில் அதை எதிர்த்துக் கடுமையாக வாதாடினார். தேற்றத்தை அவர் நிறுவியதும் வெறும் அல்ஜீப்ராவை வைத்துத்தான்.

இனி இந்தியாவுக்கு வரலாம். 1150-ல் பாஸ்கராச்சாரியார் எழுதிய 'லீலாவதி'யில் ஒரு தேனீக் கணக்கு உண்டு. கூட்டத்தில் பாதியின் வர்க்கமூலம் மல்லிகைக்குப் போனது. ஒன்பதில் எட்டுப் பங்கு இன்னொரு பக்கம். மிச்சம் ஒரு ஜோடி. மொத்தம் எத்தனை? அந்த வர்க்கமூலத்தை 'க' என்று வைத்தால் கிடைக்கும் சமன்பாடு:

2க² − 9க − 18 = 0

க = 5 என்று போட்டால் −13 வருகிறது. 7 என்று போட்டால் +17. குறி மாறுவதால் நடுவே ஒரு மூலம் இருந்தே தீரும். இதற்கு முறையான நிரூபணம் தந்தவர் போல்சானோ, 1817-ல். வகைக்கெழு 4க − 9. அது 2.25-ல் மட்டுமே பூஜ்யம். எனவே ரோல் தேற்றப்படி இரண்டுக்கு மேல் மூலங்கள் கிடையாது, 2.25-க்கு வலப்பக்கம் ஒன்றுதான்.

பாஸ்கரருக்கும் முந்தைய ஸ்ரீதரரின் வழி வேறு. சமன்பாட்டை 8-ஆல் பெருக்கி, 81-ஐக் கூட்டி வர்க்கமாக்கினால் (4க − 9)² = 225. அடைப்புக்குள் இருப்பது அதே வகைக்கெழு! அது 15 என்றால் க = 6, தேனீக்கள் 72. −15 என்றால் க = −1.5, தேனீக்களுக்குப் பொருந்தாது. நுண்கணிதம் என்ற பெயர் பிறக்கும் முன்பே, அதன் ஒரு துண்டு இருபடிச் சமன்பாட்டுக்குள் ஒளிந்திருந்தது.

திருப்பூர்க் கணக்குக்கும் இது பொருந்தும். ஒரு டி-ஷர்ட்டின் அடக்கம் 80 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை ஏற ஏற ஆர்டர் சீராகக் குறைந்து, 200 ரூபாயில் நின்றுவிடுகிறது. லாபம் 80-லும் பூஜ்யம், 200-லும் பூஜ்யம். நடுவே ஓர் உச்சி உண்டு என்கிறது ரோல் தேற்றம். இருபடிக் கோவை என்பதால் அது சரியாக நடுவில், 140-ல் அமையும். ஆர்டர் பிடிக்க ரேட்டைக் குறைத்துக்கொண்டே போகும் பனியன் கம்பெனி, உச்சியைத் தாண்டியபின் குறைக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் 80-ஐ நோக்கித்தான் சறுக்குகிறது. ஆர்டர் நிறைய இருக்கும், கையில் எதுவும் நிற்காது.